புகையிலைப் பணம் யார் மடியில்?

லிங்கி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டம் என்று ஒன்றை நாம் கண்டதில்லை. இந்தப் பக்கத்து மண்ணில் காப்பி இருந்தது; அதன் பிறகு கித்தா வந்தது; இப்போது பெரும்பகுதி செம்பனை. புகையிலைக்கு இங்கே இடமே இருந்ததில்லை. ஆனால், புகையிலை நுழையாத லயம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு வந்து நின்ற ஆண்பிள்ளைகளின் காதிடுக்கில் பீடி இருந்தது. மங்கைத் துடைத்து வைத்துவிட்டுப் பால்மரம் சீவிய பெண்பிள்ளைகளின் கன்னத்துக்குள் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை அடங்கிக் கிடந்தது. கல்யாணத்துக்குத் தட்டு, கருமாதிக்குத் தட்டு, கோயில் திருவிழாவுக்குத் தட்டு. எந்தத் தட்டிலும் அது உண்டு.

லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "சோறு இல்லாம ஒரு வேள இருந்துரலாம் தம்பி. பொயில இல்லாம இருக்க முடியாது. அட்டைக்கடிக்கு அதத்தான் கசக்கி வச்சோம். பல்லு வலிக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். கடையில கணக்கு எழுதயில அரிசிக்கு முந்தி பொயிலதான் எழுதுவான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அந்தக் கடைக்கணக்கு சம்பள நாளன்று என்ன செய்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே, இந்த வாரம் அந்த இலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது என்று நமக்குப் பட்டது. அது எங்கே விளைந்தது, விளைவித்தவனுக்கு என்ன கிடைத்தது, நடுவில் கை வைத்தவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி. கேள்வி புகையிலையைப் பற்றியதுதான். ஆனால் பதிலில் கித்தாவும் வரும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்திரா. அங்கே காடு எரிந்தால் நம் பிள்ளைகள் இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். சுமத்திராப் புகை நமக்குப் புதிதல்ல. ஆனால் அதே தீவிலிருந்து ஒரு காலத்தில் உலகத்துப் பணக்காரர்களின் வாய்க்கெல்லாம் புகை போனது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுமத்திராவின் வடகிழக்குக் கரையில், இன்று மேடான் நகரம் இருக்கிற இடத்தைச் சுற்றி, டெலி என்ற நாடு இருந்தது. 1863இல் யாக்கோபஸ் நியன்ஹய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே வந்து இறங்கினார். டெலி சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை போட்டார். அந்த மண்ணில் விளைந்த இலை மெல்லியதாக, கிழியாமல் நீளக்கூடியதாக இருந்தது. சுருட்டின் மேலே சுற்றுகிற இலைக்கு அதைவிட நல்லது கிடையாது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். அவ்வளவுதான், காட்டுக்குக் காடு விலை பேசப்பட்டது. 1869இல் டெலி மாட்ஸ்காப்பை என்ற கம்பெனி பிறந்தது. மூட்டை மூட்டையாக இலை கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குப் போயிற்று.

அந்த இலை அடம் பிடிக்கிற பயிர். ஒரு நிலத்தில் ஒரு போகம் எடுத்துவிட்டால் ஏழெட்டு வருஷம் அந்த நிலத்தைச் சும்மா போட வேண்டும். அதனால் கம்பெனிகளுக்கு மேலும் மேலும் நிலம் தேவைப்பட்டது. நிலத்தைவிட அதிகமாக ஆள் தேவைப்பட்டது. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சீனக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். பிற்பாடு ஜாவாக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். தமிழர்களும் போனார்கள். புகையிலை வயலில் தமிழனை அதிகம் விடவில்லை. சாலை போட, வாய்க்கால் வெட்ட, மாட்டுவண்டி ஓட்ட என்று வைத்துக்கொண்டார்கள். மேடான் நகரில் தமிழர் வாழ்ந்த பகுதிக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். அங்கே 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. நம் அம்மன்தான் அங்கும் முதலில் குடியேறியிருக்கிறாள்!

டெலியில் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு சீனக் கூலிக்கும் ஒரு வயல் ஒதுக்குவார்கள். அதில் ஆயிரக்கணக்கான செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, புழு பொறுக்கி, இலை ஒடித்துக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டியது அவன் பொறுப்பு. இலையின் தரத்தைப் பார்த்து, ஆயிரம் செடிக்கு இவ்வளவு என்று விலை வைப்பவன் வெள்ளைக்காரச் சின்னத்துரை. மழை கெடுத்தாலும் புழு தின்றாலும் நட்டம் கூலிக்கு. சாப்பாடு, மண்வெட்டி, துணி, அபின் எல்லாமே முன்பணக் கணக்கில். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் கையில் காசு மிஞ்சியவன் உண்டு. கடன் மிஞ்சியவன் மறு வருஷத்துக்கும் கைநாட்டு வைத்தான்.

துண்டு கணக்கில் வேலை செய்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாகத் தோன்றவில்லையா? நமக்கும் தோட்டக்கடை இருந்தது. நமக்கும் பால் நிறுக்கிற இடத்தில் மெட்ரோலாக்கை முக்கி எடுத்து ஒருவர் எண்ணைச் சொன்னார்; வாளியைச் சுமந்து வந்தவர் கேட்டுக்கொண்டார். சரக்கைத் தருபவன் ஒருவன், அதன் தரத்தைச் சொல்பவன் இன்னொருவன் என்றால் கடைசியில் யார் பக்கம் தராசு சாயும்?

டெலியில் இதற்கு மேலும் ஒன்று இருந்தது. 1880இல் வந்த கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். வேலைக்கு மறுப்பதும் குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கும். 1902இல் வான் டென் பிராண்ட் என்ற மேடான் வழக்கறிஞர் இந்தக் கொடுமைகளை எழுதி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஹாலந்தில் பெரிய கூச்சல் எழுந்தது. அரசாங்கம் ரெம்ரெவ் என்ற அதிகாரியை விசாரிக்க அனுப்பிற்று. அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டார்கள்! 1987இல் யான் பிரேமன் என்ற ஆய்வாளர் தம் புத்தகத்தோடு சேர்த்து அச்சிட்ட பிறகுதான் உலகம் அதைப் படித்தது. எண்பது வருஷத்துக்கு மேல் ஓர் அறிக்கை அலமாரியில் தூங்கியிருக்கிறது.

அந்தச் சட்டத்தை அசைத்தது எது தெரியுமா? இரக்கம் அல்ல, வியாபாரம். கட்டாய உழைப்பில் விளைந்த சரக்கை நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அமெரிக்கா 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் எழுதியது. சுமத்திரா இலைக்கு அமெரிக்கச் சந்தை பெரிய சந்தை. உடனே புகையிலைத் துரைமார்களுக்கு ஞானோதயம் பிறந்து, அடுத்த ஆண்டே தண்டனை ஒப்பந்தத்தைக் கைவிட முன்வந்தார்கள். அதற்கு முன்பு ஐம்பது வருஷமாக அழுத கூலிகளின் அழுகை அவர்கள் காதில் விழவில்லை.

கித்தா விறகில் வெந்த இலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் புகையிலை என்றால் கிளந்தான். அதற்குப் பிறகுதான் திரெங்கானு, கெடா, பெர்லிஸ். நாட்டுப் புகையிலையை வெயிலில் உலர்த்தி, நீப்பா ஓலையில் சுருட்டிக் குடிக்கும் வழக்கம் கம்பத்து மலாய்க்காரர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. சிகரெட்டுக்கு வேண்டிய வர்ஜீனியா வகை 1959இல்தான் கிளந்தானுக்கு வந்தது. நெல் அறுத்த வயலிலும், கடற்கரையை ஒட்டிய பிரிஸ் என்கிற மணல் நிலத்திலும் அது விளைந்தது. வேறு எதுவும் சரியாக வராத மணலில் பணம் விளைகிறது என்றால் ஏழைக் குடியானவன் விடுவானா? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இறங்கின. 1973இல் அரசாங்கம் தேசியப் புகையிலை வாரியத்தை அமைத்தது. யார் எவ்வளவு நடலாம், யார் பதனிடலாம், என்ன விலை என்பதெல்லாம் அந்த வாரியத்தின் மேற்பார்வைக்குள் வந்தன.

வேலை எப்படி என்று சொன்னால் மரம் வெட்டியவர்களுக்கு ருசிக்கும். புகையிலை விதை தூசி போல இருக்கும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் எண்ணலாம். நாற்றங்காலில் ஆறேழு வாரம் வளர்த்துப் பிடுங்கி நட வேண்டும். பூ எடுத்தால் கிள்ள வேண்டும். கிள்ளினால் பக்கத்துளிர் விடும். அதையும் கிள்ள வேண்டும். சத்தெல்லாம் இலைக்குப் போக வேண்டுமாம். செடியின் அடியிலிருந்து இலை பழுக்கத் தொடங்கும். பழுக்கப் பழுக்க, வாரத்துக்கு இரண்டு மூன்று இலையாக ஒடித்து எடுக்க வேண்டும். ஒடித்த இலையைக் குச்சியில் கோப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. விடிய விடியக் கோத்தாலும் அந்த வேலைக்குத் தனிக் கூலி என்று குடும்பத்துக்குள் யார் கொடுப்பது!

அதன் பிறகு சூளை. ஐந்து முதல் ஏழு நாள் வரை, முதலில் இளஞ்சூட்டில் இலையை மஞ்சளாக்கி, பிறகு சூட்டை ஏற்றி இலையை உலர்த்தி, கடைசியில் இன்னும் ஏற்றி நடு நரம்பை உலர்த்துவார்கள். இரவும் பகலும் ஒருவர் நெருப்பின் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். சூடு கொஞ்சம் தவறினால் இலை கருத்துவிடும், தரம் இறங்கிவிடும், விலையும் கூடவே இறங்கிவிடும்.

அந்தச் சூளையில் எரிந்த விறகு எது? கித்தா மரம்!

வயதாகிப் பால் வற்றிய கித்தா மரத்துக்கு அந்தக் காலத்தில் பெரிய மதிப்புக் கிடையாது. மறுநடவுக்குச் சாய்த்தால் அங்கேயே எரித்துவிடுவார்கள். இல்லையென்றால் செங்கல் சூளைக்கும், கரிமூட்டத்துக்கும், புகையிலைச் சூளைக்கும் விறகாகப் போகும். நம் புகைக்கொட்டகையில் ஷீட்டுப் பாலை உலர்த்தியதும் அதே விறகுதான். ஒரு வித்தியாசம்: ஷீட்டுக்குப் புகை நேராகப் பட வேண்டும், அப்போதுதான் பூஞ்சணம் பிடிக்காது. புகையிலைக்குப் புகை படக் கூடாது. குழாய் வழியாகச் சூடு மட்டும் உள்ளே போகும். பெயரில் புகை இருக்கிற இலைக்குப் புகை ஆகாது என்பது வேடிக்கைதான். 1980களில் கித்தாப் பலகையில் மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த மரத்துக்கு மரியாதை வந்தது. நம் வீட்டுக் கூடத்தில் போட்டிருக்கிற நாற்காலி, ஒரு வேளை நம் தாத்தா சீவிய மரமாகக்கூட இருக்கலாம்.

பச்சை இலை எட்டுக் கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். சொந்தச் சூளை இல்லாதவர் பச்சை இலையைப் பதனிடும் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். இங்கும் அதே கதைதான்: இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பவர் வாங்குகிறவர். பதனிட்ட இலையை வாங்குகிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிகரெட்டுக் கம்பெனிகள். விற்பவர் பல்லாயிரம், வாங்குபவர் இரண்டு மூன்று. அரசாங்கத்தின் வாரியம் குறுக்கே நின்றதால் கிளந்தான் குடியானவர் டெலிக் கூலி மாதிரி ஆகவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பச்சை இலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த இலையைக் கட்டிப்பிடித்து ஒடித்தால் இலையிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறும். தலைசுற்றல், வாந்தி, தலைவலி எல்லாம் வரும். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்கும் குழந்தைக்கும் வரும். உலகத்தில் புகையிலை விளையும் நாடுகளில் எல்லாம் மருத்துவர்கள் கண்ட நோய் இது.

பயிர் போனால் ஆள் எங்கே?

கிளந்தான் இலைக்கு இறங்குமுகம் வந்தது நோயினால் அல்ல, விலையினால். ஆசியான் நாடுகளுக்குள் சுங்கவரியைக் குறைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் வந்தது. பக்கத்து நாட்டு இலை மலிவு. நம் நாட்டு இலை விலை அதிகம். கம்பெனிக்குத் தேசபக்தி கிடையாது. புகையிலையை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுப் பயிராக, நார் எடுக்கிற கெனாஃப் செடியை அரசாங்கம் கொண்டுவந்தது. 2010இல் வாரியத்தின் பெயரே தேசியக் கெனாஃப், புகையிலை வாரியம் என்று மாறியது. புகையிலை போட்டவர் எல்லோரும் கெனாஃபுக்குப் போய்விடவில்லை. புகையிலை தந்த பணத்தைக் கெனாஃப் தரவில்லை என்பதுதான் காரணம். 2017இல் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த பெரிய சிகரெட்டு ஆலையும் மூடப்பட்டது. இப்போது சிகரெட்டு வெளியிலிருந்து வருகிறது. குடிப்பது மட்டும் நாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல் நிறைவேறியது. 2005இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. அதன் 17ஆம் விதி, புகையிலையை நம்பிப் பிழைக்கும் விவசாயிக்கும் தொழிலாளிக்கும் வேறு பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. நல்ல விதி. நமக்கு அதைப் படித்தபோது ஒரு நினைப்பு வந்தது. கித்தாவை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்களே, செம்பனையையும் சாய்த்து வீடு கட்டினார்களே, அப்போது நம் பால்வெட்டுக்காரருக்கு மாற்றுப் பிழைப்பு என்று எந்த உடன்படிக்கையில் எத்தனையாவது விதி எழுதப்பட்டது?

நமக்கு இருந்தது 1980ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சலுகை விதிமுறைதான். இரண்டு வருஷத்துக்குள் வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்துக்கு மேல் இருபது நாள். ஒரு முழு ஆயுளை இருபதால் பெருக்கிக் கையில் கொடுத்தார்கள். லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். கிளந்தான் குடியானவருக்கு, பயிர் போனாலும் காலடியில் சொந்த நிலம் இருந்தது. நம் ஆட்களுக்கு அது இல்லை. இரண்டு கதைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான் என்பது நம் எண்ணம்.

நிலம் வாங்க ஒரு முயற்சி நடந்ததையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாத காலத்தில் பத்து வெள்ளி சாமானியமில்லை. "துரைக்கிட்டப் போயி நாம தோட்டம் வாங்கறதா?" என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனாலும் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் தோட்டங்களை நடத்திவருகிறது.

ஊர்ப்பக்கத்து இலை

நம் பாட்டன் பூட்டன் கொண்டுவந்த பழக்கத்துக்கு ஊரிலேயே வேர் உண்டு. திண்டுக்கல் பக்கத்து இலைக்கு ஒரு பெயர். வேதாரண்யத்து வாய்ப்புகையிலைக்கு ஒரு பெயர். திருச்சிச் சுருட்டு கப்பலேறிச் சீமைக்குப் போனது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், துப்பறிகிறவர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார் என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை பாய்மரக் கப்பலில் திருவிதாங்கூருக்குப் போய்க் குவிந்தது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பலவற்றுக்கு அந்த வியாபாரம்தான் அஸ்திவாரம் போட்டது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தியா இன்றும் உலகில் புகையிலை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் முன்வரிசையில் இருக்கிறது. அங்கே 1976இல் குண்டூரில் புகையிலை வாரியம் அமைந்தது. 1984இல் கர்நாடகத்திலும் மறு வருஷம் ஆந்திராவிலும் வாரியமே ஏலம் நடத்த ஆரம்பித்தது. வியாபாரி வீட்டு வாசலில் காத்துக்கிடந்த விவசாயிக்கு அது பெரிய விடுதலை. ஆனாலும் ஏலத்தில் விலை கேட்பவர்கள் கைகட்டி நின்றால் வாரியம் என்ன செய்யும்? 2015இல் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் விலை சரிந்தது. கடன் வாங்கிப் பயிர் செய்தவர்களில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பணப்பயிர் என்ற பெயருக்குள் பணம் இருக்கிறது. அது யாருடைய பணம் என்பது பெயரில் இல்லை.

பெட்டிக்குள் வரி

இப்போது நம் மடிக்கு வருவோம். 2015 நவம்பரிலிருந்து மலேசியாவில் ஒரு சிகரெட்டுக்குக் கலால் வரி 40 காசு. 2025 நவம்பரில் அதோடு இன்னும் 2 காசு கூடிற்று. இருபது சிகரெட்டு உள்ள ஒரு பெட்டியில் வரி மட்டும் 8 வெள்ளி 40 காசு. தினம் ஒரு பெட்டி குடிக்கிறவர் மாதத்தில் 252 வெள்ளியை வரியாக மட்டும் கட்டுகிறார். இலைக்கும் தாளுக்கும் கம்பெனிக்கும் கொடுப்பது தனி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரரின் வருமானத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வரியாகவே புகைந்து போகிறது! வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இல்லையே என்று ஏங்குகிறவர், அதைவிடப் பெரிய வரியைப் பெட்டிக்கடையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"அவ்ளோ வெல குடுத்து யாரு வாங்குறா? மலிவு சரக்குத்தான் இருக்கே" என்று தம்பிமார்கள் சொல்வது நமக்குக் கேட்கிறது. உண்மைதான். சுங்க முத்திரையில்லாத கள்ளச் சிகரெட்டு, ஒரு காலத்தில் சந்தையில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது என்று சிகரெட்டுக் கம்பெனிகளே புலம்பின. அந்தப் பெட்டியில் அரசாங்கத்துக்கு வரி இல்லை. நமக்கு நோய் மட்டும் குறைவில்லாமல் உண்டு. வாங்குகிறவரும் சட்டப்படி மாட்டிக்கொள்ளலாம்.

நாட்டின் பொருளாதாரத்துக்குப் புகையிலை வருமானம் தேவை என்று ஒரு வாதம் உண்டு. அதையும் நிறுத்துப் பார்ப்போம். புகைப்பழக்கத்தோடு தொடர்புள்ள நுரையீரல் புற்று, இருதய நோய், மூச்சடைப்பு நோய் ஆகிய மூன்றுக்கும் சிகிச்சை அளிக்க 2020இல் ஏறத்தாழ 620 கோடி வெள்ளி ஆனது என்று சுகாதார அமைச்சே கணக்குக் காட்டிற்று. சிகரெட்டு வரியில் வருவது அந்தத் தொகையை ஈடுகட்டாது. ஒரு கையால் வாங்கி, இரு கையால் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வியாபாரம் இது. இதில் கொழுத்தவர் நடுவில் இருந்த கம்பெனிக்காரர். அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது.

2024 அக்டோபர் 1ஆம் தேதி புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. வேப் என்கிற மின்சிகரெட்டும் அதில் அடக்கம். 2007ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த தலைமுறைக்கு விற்பனையையே தடை செய்ய முதலில் யோசித்தார்கள். அந்தப் பகுதி மட்டும் நாடாளுமன்றத்துக்குள் போய்வருவதற்குள் காணாமல் போய்விட்டது. யார் கையில் கரைந்தது என்று நாம் ஜோசியம் சொல்லப் போவதில்லை.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டி

சிகரெட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாடு, வாய்ப்புகையிலையைப் பற்றிப் பேசுவது குறைவு. நம்மவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. மலேசியாவில் வாய்ப்புற்று இந்திய சமூகத்தில்தான் அதிக விகிதத்தில் வருகிறது. அதிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நான்கையும் சேர்த்து மெல்லுகிற நம் பெண்களிடம் அதிகம். சிகரெட்டுக் குடிக்காத பெண்களிடம்! வெற்றிலையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாக்கும் புகையிலையும் இரண்டுமே புற்றை உண்டாக்குபவை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட முடிவு. இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிற வழக்கம் எல்லாவற்றிலும் மோசம்.

நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் பாட்டியின் கூடப் பிறந்த அக்காள் அப்படித்தான் போனாராம். "கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு. வலியில்ல, அதனால வுட்டுட்டா. சாப்பாடு எரியுதுன்னா. சுண்ணாம்பு காரம்னு நெனச்சோம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள வாயத் தொறக்க முடியல" என்றார். சொல்லும்போது பாட்டி தம் பெட்டியைப் புடவைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டார். நாம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் தட்டுப்படும் கட்டி, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, காரணமில்லாமல் பல் ஆடுவது: இவற்றில் எது இருந்தாலும் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டால் சிறு சிகிச்சையோடு போகும். அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கில் வாயைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்கு நேரில் வந்து வாய்ப் பரிசோதனை செய்வதும் உண்டு. குழு வருகிற அன்றைக்கு "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சமையல்கட்டுக்குள் போய்விடுகிறவர்கள்தான் முதலில் வாயைக் காட்ட வேண்டியவர்கள். பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும். சிகரெட்டை விட நினைக்கிற தம்பிமார்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஆலோசனையும் மருந்தும் தருகிற பிரிவு இருக்கிறது. அடையாள அட்டையோடு போனால் போதும்.

விடைபெற்று எழுந்தபோது பாட்டியிடம், அடுத்த முறை குழு வந்தால் போவீர்களா என்று கேட்டோம். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். பக்கத்திலிருந்த பேத்தி, "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்றாள்.